சோளகத்தோடு வந்த குருணை

2025 யூலை 23, புதன் - மன்னார்

தள்ளாடி தாண்டிப் பாலத்தில் ஏறியதும் காற்று மோட்டார் சைக்கிளை ஒரு பக்கமாகத் தள்ளத் தொடங்கியது. சோளகம், தென்மேற்குப் பருவக்காற்று. ஆடி மாதத்தில் இந்தப் பாலத்தில் யாரும் நேராக ஓட்டுவதில்லை, எல்லோரும் கொஞ்சம் சரிந்துதான் போகிறார்கள், எதிரே ஒரு ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டியபடி நடந்து வந்தார், அவர்தான் புத்திசாலி. எனக்குப் பின்னால் கூட்டாளி ஒரு வாளியையும் அரிதட்டையும் பிவிசி குழாயில் செய்த ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தையும் கட்டிப்பிடித்தபடி இருந்தான். முருங்கனிலிருந்தே அவன் வாய் திறக்கவில்லை. திறந்தால் மண்.

இவன் கடற்கரை மணலில் பிளாஸ்டிக் குருணை எண்ணுகிறவன். சம்பளத்துக்குத்தான், ஆனால் கொடுக்கிற சம்பளத்துக்கு மேலாகவே எண்ணுகிறான். நான் வண்டி ஓட்டவும் குறிப்பெழுதவும் வந்தேன். வன்னிக்கு மேற்கிலும் கடல், கிழக்கிலும் கடல், இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்கலாம், நல்ல மீன் சாப்பிடலாம் என்ற ஆசையும் இருந்தது.

கதை தெரியாதவர்களுக்கு: மே 24ஆம் திகதி விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்.எஸ்.சி எல்சா 3 என்ற கப்பல் சரிந்து, மறுநாள் கேரளக் கடலில் மூழ்கியது. 640 கொள்கலன்கள். 13இல் ஆபத்தான சரக்கு, 12இல் கல்சியம் கார்பைட் என்று செய்திகள் எல்லாம் அதைப் பற்றியே கத்தின. கடைசியில் நம்முடைய கரைக்கு வந்து சேர்ந்தது அந்த ஆபத்துப் பட்டியலிலேயே இல்லாத சாமான். வாளி, கதிரை, போத்தல் எல்லாம் செய்ய உருக்குகிற பிளாஸ்டிக் மூலப்பொருள், சவ்வரிசி மாதிரி வெள்ளை மணி, இவன் எண்ணுகிற குருணை. கேரளக் கரை, பிறகு கன்னியாகுமரி, பிறகு இராமேஸ்வரம் பக்கம், யூனில் மன்னாரும் யாழ்ப்பாணத்துத் தீவுகளும். சோளகக் காற்றும் நீரோட்டமும் அதைக் கேட்டுக் கேள்வியில்லாமல் கொண்டுவந்து இறக்கிவிட்டன.

இரவு புட்டும் நண்டுக்கறியும். ஒரு ஆளுக்கு 850 ரூபாய். விலையைக் கேட்டதும் முகம் சுளித்தேன், கறியில் முருங்கை இலை போட்டிருந்ததைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டேன். விடுதியில் அறை மலிவு, ஆனால் குளிரூட்டியின் ரிமோட்டைத் தர 1000 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். யன்னலைத் திறந்தோம். காற்றுக்கு மன்னாரில் காசு கொடுக்கிறவன் முட்டாள்.

யூலை 24, வியாழன் - திருக்கேதீச்சரம், தலைமன்னார்

ஆடி அமாவாசை. கூட்டாளிக்கு அப்பா இல்லை, ஆகவே விடிய முதலே எழுப்பி இழுத்துக்கொண்டு போய்விட்டான். பாலாவிக் கரையில் அதற்குள் சனம் நிறைந்திருந்தது. தர்ப்பை, எள்ளு, பிண்டம், வாழையிலைத் துண்டு எல்லாம் ஒரு சொப்பிங் பையில் போட்டு விற்கிறார்கள். பிதிர்க்கடன் முடித்தவர்கள் எள்ளையும் தண்ணீரையும் விடும் கையோடு பையையும் விட்டுவிடுகிறார்கள். பதினைந்து வயது இருக்கும், ஒரு பெடியன் நீளக் கம்பில் வலைத்துண்டு கட்டி அவற்றை அள்ளிக்கொண்டே நின்றான். "அண்ணை, எள்ளை மட்டும் விடுங்கோ, பையை என்னட்டைத் தாங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொன்னான். சிலர் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் "நீ ஆரடா எனக்குச் சொல்ல" என்று கேட்டுவிட்டு, பிறகு தானும் கொடுத்தார்.

அன்னதானத்தில் பூசணிக்காய்க் கறியும் பாயாசமும். மன்னாருக்கு வந்து முதல் நாள் முழுக்கச் சைவம்.

மத்தியானத்துக்குப் பிறகு தலைமன்னார். பழைய இறங்குதுறைக்குப் பக்கத்தில் நிற்கும்போதே என் போன் துடித்தது: இந்தியாவுக்கு வரவேற்கிறோம், அழைப்புக் கட்டணம் இவ்வளவு. தனுஷ்கோடி இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான், கோபுரங்களுக்குக் கடவுச்சீட்டு கிடையாது. டேட்டாவை நிறுத்திவிட்டுத்தான் தேத்தண்ணிக் கடைக்குள் போனேன்.

கடையில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எக்ஸ்பிரஸ் பேர்ள் தீர்ப்பு வந்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து யூனில் மூழ்கிய கப்பல், 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், ஏறத்தாழ 1,680 தொன் இதே குருணை. நூறு கோடி டொலர் நட்டஈடு, முதல் தவணை 25 கோடி டொலர் செப்டம்பர் 23க்கு முதல் என்று உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கடையில் இருந்தவர்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்கள். ஒருவர் மட்டும், வலை பின்னுகிற ஊசியைக் காதில் செருகியிருந்தவர், கேட்டார்: "அது கொழும்புக் கப்பல் தம்பி. எங்கட கப்பலுக்கு ஆரு தாறது?"

எங்கட கப்பல் என்றால் கேரளாவில் மூழ்கினது.

கூட்டாளியால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கேரள அரசு இந்த மாதம்தான் தங்களுடைய உயர்நீதிமன்றத்தில் 9,531 கோடி இந்திய ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது, அதே நிறுவனத்தின் அகிட்டேட்டா 2 என்ற இன்னொரு கப்பலை விழிஞ்ஞத்திலேயே தடுத்து வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. கேரளாக்காரர் கையில் ஒரு துறைமுகம் இருக்கிறது, துறைமுகத்தில் ஒரு கப்பல் இருக்கிறது, பிடிக்கலாம். தலைமன்னார்க்காரர் கையில் என்ன இருக்கிறது? அதே கப்பல், அதே குருணை, தண்ணீர் அரித்துக் கொண்டுவந்து போட்ட இடம் மட்டும் வேறு. குருணைக்கு எல்லைக்கோட்டைத் தாண்ட அனுமதி இருக்கிறது, முறைப்பாட்டுக்கு இல்லை.

பேர்ள் கப்பலின் கதையையும் அவருக்குச் சொன்னோம். அந்த அமிலக் கொள்கலன் கொழும்புக்கு வருவதற்கு முதலே ஒழுகத் தொடங்கியிருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகம் அதை இறக்க இடம் கொடுக்கவில்லை, குஜராத்தின் ஹசீராவும் கொடுக்கவில்லை. இரண்டு இடத்திலும் வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வாசல் எங்களுடையது. அவர் ஊசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகினார். "ஊருக்குள்ள பேய் பிடிச்சவனக் கூட இப்பிடி விரட்டமாட்டான்" என்றார்.

பிளேன்ரீ 50 ரூபாய், பால்தேத்தண்ணி 120. காசை அவரே கொடுத்துவிட்டார், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

யூலை 25, வெள்ளி - வங்காலை, அரிப்பு

இன்று கிட்டத்தட்ட அடி வாங்கினோம்.

வங்காலைக்குத் தெற்கே கரையில் சட்டத்தை விரித்து, மேல்மணலைச் சிரட்டையால் வழித்து வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தோம். நிமிர்ந்தால் ஏழெட்டுப் பெண்கள் நிற்கிறார்கள், பின்னால் இரண்டு ஆண்கள். "மண் எடுக்கவா வந்தீங்க? எந்தக் கொம்பனி?" மன்னார்த் தீவில் கனிம மணலுக்காக அங்கங்கே துளை போட்டுப் பார்த்த நாளிலிருந்து, கரையில் வெளியாள் ஒருவன் குனிந்தாலே சனத்துக்கு நெஞ்சு அடிக்கிறது. கோபம் நியாயமானது, ஆனால் அந்த நேரத்தில் அந்த நியாயத்தை ரசிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை. கூட்டாளி அடையாள அட்டையைக் காட்டினான், அது எடுபடவில்லை. யாராவது கொம்பனி அட்டை இல்லாமலா வருவான்?

கடைசியில் காப்பாற்றியது வாளி. கடல்தண்ணீர் ஊற்றி மண்ணைக் கலக்கினான். மண் கீழே போயிற்று. தண்ணீர் தெளிய, ஒவ்வொன்றாக வெள்ளை மணிகள் மேலே வந்து மிதந்தன. சிலது புதுசு, வெள்ளை வெளேரென்று. சிலது மஞ்சள் பிடித்திருந்தது, அது பழைய சரக்காக இருக்கலாம், பேர்ள் கப்பல் காலத்ததாகவும் இருக்கலாம், ஆய்வுகூடத்தில் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றான். ஒரு சின்னப் பிள்ளை கையை விடப் போக, ஒரு அக்கா அதன் கையைத் தட்டிவிட்டு "தொடாத! பெரியம்மா சொன்னதெல்லோ" என்றார்.

எந்தப் பெரியம்மா? மண்டபத்தில் இருக்கிறவ. இந்த அக்காவின் குடும்பம் 1990இல் படகேறிப் போய் மண்டபம் முகாமில் இருந்தது. அக்கா திரும்பி வந்துவிட்டார், பெரியம்மா வரவில்லை. மே மாதக் கடைசியில் பெரியம்மா வாட்ஸப்பில் குரல் பதிவு போட்டிருக்கிறார். அக்கா எங்களுக்கும் போட்டுக் காட்டினார். கன்னியாகுமரிப் பக்கம் வெள்ளை மணி ஒதுங்குதாம், கப்பல் சரக்காம், காத்து இப்பிடியே அடிச்சா உங்க பக்கமும் வரும், பிள்ளைங்கள அள்ளி விளையாட விடாதீங்க. அவ்வளவுதான். கரையில் அதிகாரிகள் வந்து சாக்கில் அள்ளியது அதற்குப் பிறகு எத்தனையோ நாள் கழித்து.

1995 மார்ச்சில் புதுடில்லியில் இந்தியா, இலங்கை, வங்காளதேசம், மாலைதீவு, பாகிஸ்தான் ஐந்தும் சேர்ந்து தென்னாசியக் கடல்களுக்கான செயல்திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டன. அதைப் பார்த்துக்கொள்ளும் தென்னாசியக் கூட்டுறவுச் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் தலைமையகம் கொழும்பிலேயே இருக்கிறது, 1982இலிருந்து. எண்ணெய் கொட்டினால் யார் யாருக்குச் சொல்வது என்று கூட எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் நல்ல காகிதம். வங்காலைக்குச் செய்தி சொன்னது ஒரு அகதி முகாமிலிருந்து ஒரு கிழவி. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அதன் பிறகு உபசாரம் தொடங்கியது. திருக்கை வறையும் சோறும், வேண்டாம் என்றால் கோபம் வரும் போல் இருந்தது, நாங்கள் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. முதலில் "எந்தக் கொம்பனி" என்று கேட்டவர்தான் இரண்டாம் தரம் சோறு போட்டார்.

பின்னேரம் அரிப்பு. இங்கிலாந்து ஆளுநர் முத்துக்குளிப்பைப் பார்க்கக் கட்டிய மாளிகை இடிந்து கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. இந்தக் கரைக்கு எதிரேதான் பழைய முத்துச்சலாபங்கள். அதைக் கடலில் விஷம் கொட்டிய கப்பலுக்குப் பேர்ள், அதாவது முத்து என்று பெயர் வைத்தவனோடு சேர்த்து யோசிக்கக்கூடாது, தலைவலி வரும்.

அருவியாறு விழுகிற பக்கமும் சட்டம் போட்டோம். இங்கே குருணை குறைவு, ஆனால் பம்பஸ், ஷம்பூ பக்கெட், பூச்சிமருந்துப் போத்தல் எக்கச்சக்கம். கேரளாவின் தலையில் போட முடியாது. 164 கிலோமீற்றர் ஓடி, அநுராதபுரத்துக்கு நடுவாலே வந்து, வழியெல்லாம் வாங்கிக்கொண்டு வருகிற ஆறு. இந்தப் போத்தல்கள் இங்கேயே நிற்கப்போவதில்லை, பருவம் மாறினால் யாரோ ஒருவருடைய கரைக்குப் போகும். அங்கே யார் குரல் பதிவு போடுவார்களோ.

யூலை 26, சனி - ஏ32 வீதி

இலுப்பைக்கடவைக்கு இந்தப் பக்கம் பின்சில்லு காற்றுப் போனது. நிழல் இல்லை, கடை இல்லை, இரண்டு பக்கமும் பற்றையும் உவர்நிலமும். உருட்டிக்கொண்டு போனோம். ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரக்காரர் நிறுத்தி, மோட்டார் சைக்கிளைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டு, ஒட்டுப்போடும் கடை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். காசு வேண்டாம் என்றார். ஒட்டுப்போட 300 ரூபாய், கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார், அவர் வந்து சேர ஒன்றரை மணித்தியாலம்.

அந்த ஒன்றரை மணித்தியாலம் வேப்பமரத்தடியில் கூட்டாளி பேசினதுதான் இன்றைய நாளின் உருப்படியான விஷயம். 1974 யூனில் இந்தியாவும் இலங்கையும் பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு போட்டன, அது எல்லோருக்கும் தெரியும், கச்சதீவு என்று சொன்னால் சின்னப் பிள்ளையும் சொல்லும். அதே 1974 மார்ச்சில் போல்டிக் கடலைச் சுற்றியிருந்த ஏழு நாடுகள் ஹெல்சிங்கியில் கூடி, தங்கள் கடலை அழுக்காக்குவதில்லை என்று உடன்படிக்கை எழுதின. மேற்கு ஜேர்மனி, கிழக்கு ஜேர்மனி, சோவியத் ஒன்றியம் எல்லாம் ஒரே காகிதத்தில். ஒருவர் மீது ஒருவர் ஏவுகணையைத் திருப்பி வைத்திருந்த காலம். அது நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை, ஆறு வருடத்தில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. நம்முடைய தென்னாசியக் கடலுக்கு 1995இல் கிடைத்தது செயல்திட்டம், செய்யாவிட்டால் யாரும் கேட்க முடியாது.

"அவங்களால ஏலுமெண்டா எங்களால ஏன் ஏலாது?" என்றேன்.

"மச்சான், எங்கட ரெண்டு நாட்டுக்கும் கடலெண்டா மீன் மட்டும்தான். ரோலர் வருது, நேவி பிடிக்குது, கடிதம் எழுதுது. தண்ணியைப் பற்றி ஆர் கதைக்கிறது?"

ரோலர், அதாவது இந்திய இழுவைமடிப் படகு, சின்ன விஷயம் என்று அவன் சொல்லவில்லை. விடத்தல்தீவில் காலையில் சந்தித்தவர்கள் கிழமையில் மூன்று இரவு இழுவைமடிப் படகு வருவதையும், விடிந்தால் தண்ணீர் கலங்கிக் கிடப்பதையும், ஒரு ஆளுக்கு எத்தனை வலை போனது என்பதையும் சொன்னார்கள். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அடியை உழுதால் சேறு கிளம்பும், கடற்புல் போகும், அதுவும் தண்ணீரின் தரம்தான். ஆனால் அந்தச் சண்டையின் சத்தத்தில் வேறெதுவும் கேட்பதில்லை. கப்பல் பற்றி எரிந்தால் மட்டும் ஒற்றுமை வந்துவிடுகிறது, 2020இல் நியூ டயமன்ட் எண்ணெய்க் கப்பல் கிழக்கில் எரிந்தபோதும் பேர்ள் எரிந்தபோதும் இந்தியக் கரையோரக் காவற்படை வந்து அணைத்தது, நன்றாகவே செய்தார்கள். நெருப்பு தெரிகிறது, குருணை தெரிவதில்லை.

பூநகரிச் சந்தி, பரந்தன், புதுக்குடியிருப்பு. முல்லைத்தீவுக்கு இருட்டித்தான் வந்தோம். கொத்துரொட்டி 700 ரூபாய், உப்புக் கூடிவிட்டது.

யூலை 27, ஞாயிறு - முல்லைத்தீவு

கரை வெறிச்சோடிக் கிடந்தது, படகுகள் ஏற்றிக் கிடந்தன. உடம்பு முழுக்க நோவு. மத்தியானம் வரை படுத்திருந்தேன், பிறகு ஒடியல் கூழ், பிறகு மறுபடியும் படுத்தேன்.

யூலை 28, திங்கள் - முல்லைத்தீவுக் கரை

இந்தப் பக்கக் கடல் வேறு ஆள். மேற்கே காற்று உறுமுகிறது, இங்கே சோளகம் கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் தண்ணீர் படுத்துக் கிடக்கிறது. கரைவலைக் காலம். கரைவலையை உழவு இயந்திரத்தில் பூட்டி இழுக்கிறார்கள், அதைப் பற்றி ஊருக்குள் இருக்கிற சண்டைக்குள் நான் போகவில்லை. மடி கரைக்கு வந்ததும் எல்லோரும் ஓடினார்கள், நாங்களும் ஓடினோம். சூடை, கும்பளா, கொஞ்சம் பாரைக்குஞ்சு, நடுவில் ஐந்தாறு சொறிமுட்டை, ஒரு நூடில்ஸ் பக்கெட், ஒரு செருப்பு. கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டி செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இடது கால். "போன கிழமை வந்ததும் இடதுதான்" என்று சொல்லிவிட்டு எறிந்தார். கடலுக்குள் இல்லை, கரைப்பக்கம் ஒரு சாக்குக்குள்.

மேட்டில், அடம்பன் கொடிக்குள் கை விட்டால் வேறொரு உலகம். போன வாடைக் காலத்தில், வடகிழக்குக் காற்றில், வந்து மாட்டினவை. இந்தியப் போத்தல், தாய்லாந்து எழுத்துப் போத்தல், பர்மிய எழுத்து, இந்தோனேசியா. ரெஜிபோம் (தெர்மோகோல்) மிதவைகள் உதிர்ந்து மணலோடு மணலாகக் கிடந்தன. வாடை காலத்தில் பர்மாப் பக்கத்து மூங்கில் மிதவையும் வரும் என்றார் சம்மாட்டி. மிதவை மட்டுமா, போன டிசம்பரில் முள்ளிவாய்க்காலுக்கு ரோஹிங்கியா சனம் நிறைந்த படகே வந்தது. "அதுகளுக்கு ஊரே சேர்ந்து சாப்பாடு குடுத்தது, தம்பி. நாங்களும் படகில அலைஞ்ச ஆக்கள்தானே."

கூட்டாளி சட்டம் போட்டுப் பார்த்தான். இங்கே எல்சா குருணை என்று சொல்லக்கூடியது எதுவும் இல்லை, பழசு சில. வங்காளவிரிகுடாப் பக்கம் ஒரு கப்பல் கவிழ்ந்தால் வாடையில் இந்தக் கரைக்குத்தான் வரும் என்று விளக்கினான். போன மாதம் 9ஆம் திகதி கேரளாவுக்கு வெளியே தீப்பற்றிய வான் ஹை 503, கொழும்பிலிருந்து மும்பைப் பக்கம் போன கப்பல். இங்கிருந்து போவது அங்கே எரிகிறது, அங்கே மூழ்குவது இங்கே ஒதுங்குகிறது. சம்மாட்டி கவனமாகக் கேட்டார்.

"அப்ப வந்தா நான் ஆருக்கு எடுத்துச் சொல்லோணும்?"

கூட்டாளி கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையின் பெயரைச் சொன்னான். அவ்வளவு நீளத்துக்கு அவருடைய போனில் இடமில்லை. தன் இலக்கத்தையே கொடுத்தான். அவர் அதை "குருணைத் தம்பி" என்று பதிந்தார். இவனும் அவரைப் பதிந்துகொண்டான், பிறகு ஏதோ யோசித்து, வங்காலை அக்காவின் இலக்கத்தையும் அவருக்கு அனுப்பினான். அவருக்கு நாகப்பட்டினத்தில் ஒரு படகுக்காரரைத் தெரியுமாம், வலை அறுத்த சண்டையில் பழக்கமானவர், இப்போது பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறாராம். அந்த இலக்கமும் எங்களுக்கு வந்தது.

சூடை ஒரு கிலோ 400 ரூபாய் என்றார், 300க்குத் தந்தார். ஒட்டுசுட்டான் வரை மோட்டார் சைக்கிளில் மீன்தண்ணீர் என் முதுகில் வழிந்துகொண்டே வந்தது, பின்னால் இருந்தவன் அரிதட்டுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டான்.